புதுப்பிப்பு: ஹீல் ஹூக் பிடியிலிருந்து விடுபட எது உதவியது

பிரேசிலிய ஜியு-ஜிட்சு (தரையில் மல்லுக்கட்டும் தற்காப்புக் கலை) பயிற்சியில், எதிராளி என் காலைத் தன் கால்களால் பூட்டிக் குதிகாலைத் திருகப் பிடித்தாலே (இதுதான் ஹீல் ஹூக்) ஒவ்வொரு முறையும் தட்டிச் சரணடைய நேர்கிறதே என்று சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

குதிகாலை மறைப்பதோடு நில்லாமல் முழங்காலை விடுவிக்கச் சொன்ன யோசனையே பலித்தது. முழங்கால் அவருடைய தொடைகளுக்கிடையே சிக்கியிருக்கும்வரை திருகும் விசை மூட்டில்தான் இறங்கும் என்பதால், இப்போது ஒரு கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தடுத்து, மறு கையால் அவருடைய மேல்காலைத் தள்ளியவாறே இடுப்பைப் பின்னிழுத்து முழங்காலை வெளியே எடுத்துவிடுகிறேன். தோ பாயோவில் நாங்கள் பயிலும் கூடத்தில் சென்ற வாரம் ஐந்து முறை சிக்கி மூன்று முறை தப்பினேன்.

உருண்டு தப்பும் யோசனை எனக்குச் சரிவரவில்லை. அவசரத்தில் திருகலுக்கு எதிர்த்திசையில் உருண்டுவிட்டேன், தவறு என்னுடையதே. எதிர்பாராதது என்னவென்றால், அப்போது வலியே தெரியவில்லை. மறுநாள் காலை மின்தூக்கி பழுதாகி, புளோக் படிகளில் இறங்கியபோதுதான் முழங்காலின் உட்புறம் பிடித்துக்கொண்டது. இக்கலையின் அனைத்துலகப் போட்டி அமைப்பான ஐபிஜேஜேஎஃப் 2021இல்கூட, கி எனும் பயிற்சி அங்கி அணியாத பிரிவில் பழுப்பு, கறுப்புப் பட்டை பெற்ற பெரியவர்களுக்கு மட்டுமே இப்பிடியை அனுமதித்ததன் காரணம் அந்தப் படிக்கட்டில்தான் எனக்கு விளங்கியது. மூட்டு சரியாகும்வரை, குதிகால் பிடிபட்டதுமே தட்டிவிடுகிறேன்.