பழைய காரில் முள் சிவப்பைத் தொடும்போது: நான் பார்த்த சில வண்டிகள்

பழைய கார் சூடேறுகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது "எப்போ ஏறுது?" என்றுதான். நிறுத்தி ஓடவிடும்போதா, நெரிசலில் ஊரும்போதா, நெடுஞ்சாலையில் வேகம் பிடித்த பிறகா, எஞ்சினை அணைத்த பிறகா? பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும். ஆனால் பெரும்பாலும் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முன்பே ரேடியேட்டரைக் கழற்றிவிடுகிறார்கள். அதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. நல்ல பழைய பாகங்கள் வீணாகக் குப்பைக்குப் போகின்றன.

முதலில், சூடே இல்லாமல் சூடு காட்டிய வண்டி. நண்பரின் 1960-களின் பிரிட்டிஷ் கார். சூட்டு மீட்டரின் முள் எப்போதும் சிவப்புக்குப் பக்கத்தில். தெர்மோஸ்டாட் (தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறக்கும் வால்வு) மாற்றியாகிவிட்டது, ரேடியேட்டரையும் சுத்தம் செய்தாகிவிட்டது. ஓட்டிப் பார்த்தபோது என் கண்ணில் பட்டது பக்கத்திலிருந்த பெட்ரோல் மீட்டர். அரை டேங்குக்கும் குறைவாக இருப்பதாக நண்பர் சொல்கிறார், முள் முக்காலைத் தாண்டி நிற்கிறது. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் இந்த இரண்டு மீட்டர்களுக்கும் ஒரே வோல்டேஜ் ஸ்டெபிலைசர்தான். பேட்டரி மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்பி, சராசரியாக 10 வோல்ட் கிடைக்கும்படி செய்யும் சின்னப் பெட்டி அது. அதன் எர்த் துருப்பிடித்துப் போனால் விட்டு விட்டு அனுப்புவது நின்று, பேட்டரி வோல்டேஜ் முழுதாகப் போய்விடும். இரண்டு முள்ளும் சேர்ந்தே ஏறும். எர்த் பிடிக்கும் இடத்தைச் சுரண்டித் திருகியதும் இரண்டும் இறங்கிவிட்டன.

அதனால் மீட்டரை நம்புவதற்கு முன் வேறொரு வழியில் அளந்துவிடுங்கள். இன்ஃப்ராரெட் தெர்மோமீட்டர் போதும். ஒரு விஷயம் மட்டும்: பளபளக்கும் அலுமினியம், பித்தளை மேல் நேராக வைத்தால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். தெர்மோஸ்டாட்டை மூடியிருக்கும் உறையில் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி, அதன் மேல் அளந்தால் நம்பலாம். 82 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட் போட்ட வண்டியில் 85-லிருந்து 95 வரை போய் வருவதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அடுத்தது என்னை நிறைய யோசிக்கவைத்த வண்டி. புது ரேடியேட்டர், புது வாட்டர் பம்ப், புது ஹோஸ்கள் (தண்ணீர் போகும் ரப்பர் குழாய்கள்). உச்சி வெயிலில் நிறுத்தி ஓடவிட்டாலும் முள் அசையாது. நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் வேகமாகப் போனால் ஏறத் தொடங்கும், வேகத்தைக் குறைத்தால் தானாக இறங்கும். நெரிசலில் மட்டும் ஏறினால் காற்றோட்டத்தைச் சந்தேகிக்கலாம்: ஃபேன், பெல்ட், ஃபேனைச் சுற்றியிருக்கும் கூடு. வேகத்தில் ஏறினால் தண்ணீரோட்டத்தைத்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் அப்போது ஃபேன் இல்லாமலேயே காற்று தாராளமாக வரும்.

வண்டியை நன்றாகச் சூடாக ஓட்டி வந்து, பானெட்டைத் திறந்து, நண்பரை ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொன்னேன். நான் பார்த்துக்கொண்டிருந்தது ரேடியேட்டரின் கீழ் ஹோஸை. 3000 ஆர்பிஎம் நெருங்கும்போது அதன் நடுப்பகுதி மெல்ல உள்ளே குழிந்தது. இன்னும் கொஞ்சம் மிதித்ததும் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு தட்டையாகிவிட்டது. மிதியை விட்டதும் மறுபடி உருண்டையானது. அந்த ஹோஸ் பம்ப் உறிஞ்சும் பக்கம். மேல் ஹோஸில் தண்ணீர் அழுத்தத்தோடு வரும், கீழ் ஹோஸில் இழுக்கப்படும். அதனால்தான் பழைய ஹோஸ்களுக்குள் சுருள் கம்பி ஒன்று இருக்கும். புதிதாக வாங்கியதில் அது இல்லை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரப்பர் விறைப்பாக இருப்பதால் எவ்வளவு மிதித்தாலும் ஒன்றும் தெரியாது. எஞ்சின் ஆறியிருக்கும்போது சோதித்த யாருக்கும் இது அகப்படாததற்குக் காரணம் அதுதான். துருப்பிடிக்காத கம்பிச் சுருளை உள்ளே விட்டதும் பிரச்சினை தீர்ந்தது.

ஹோஸ் ஒட்டுவதைப் பார்த்தவுடன் ஹோஸ்தான் குற்றவாளி என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. ரேடியேட்டர் குழாய்கள் அடைத்திருந்தாலும் பம்ப் இழுக்கும் இழுப்பில் ஹோஸ் குழியும். இந்த வண்டியில் ரேடியேட்டரின் முகம் முழுவதும் அளந்து பார்த்தேன், தனியாகக் குளிர்ந்து கிடந்த பகுதி எதுவும் இல்லை. அடைப்பு இருந்தால் அங்கே சூடு வராது. வண்டியை அணைத்து, ஆறிய பிறகு ஹோஸ் சப்பிக் கிடந்தால் அது வேறு கதை. ரேடியேட்டர் மூடியில் தண்ணீரைத் திரும்ப உள்ளே விடும் குட்டி வால்வு ஒட்டிக்கொண்டிருக்கும்.

மூடி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 7 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) மூடி சரியாகப் பிடித்தால் வெறும் தண்ணீரே ஏறக்குறைய 112 டிகிரியில்தான் கொதிக்கும். அழுத்தம் பிடிக்காத மூடியாக இருந்தால் 100-லேயே கொதித்துக் கொட்டிவிடும். அதற்காக 7 பிஎஸ்ஐக்கு வடிவமைத்த ரேடியேட்டரில் 15 பிஎஸ்ஐ மூடியைப் போடாதீர்கள். பழைய ஈயப் பற்றுகள் விட்டுவிடும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

மூன்றாவது வண்டியில் தண்ணீர்ப் பக்கம் எந்தக் குறையும் இல்லை. நின்றால் ஏறும். ஆனால் ஃபேன் நன்றாக இழுக்கிறது, பெல்ட் இறுக்கமாக இருக்கிறது. கடைசியில் தீப்பொறி விழும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட்டைப் பிடித்துப் பார்த்தால் தீப்பொறி ரொம்பத் தாமதமாக விழுகிறது. தீப்பொறியைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் குழாயை வாயில் வைத்து உறிஞ்சினேன்; எஞ்சின் உறிஞ்சும் இழுப்பு அந்த வழியாக வந்துதான் தீப்பொறியை முன்கூட்டியே விழவைக்கும். உள்ளிருக்கும் டயஃப்ரம் (மெல்லிய சவ்வு) நன்றாக இருந்தால் உள்ளே தட்டு நகர்ந்து, நாக்கை வைத்து அடைத்தால் அப்படியே நிற்கும். இதில் காற்றுதான் தாராளமாக வந்தது. இந்த வண்டியில் அந்தக் குழாய் நேராக இன்டேக் மேனிஃபோல்டுக்கு (கலவை எஞ்சினுக்குள் போகும் குழாய்த் தொகுதி) போயிருந்ததால், நிற்கும்போதே அந்த முன்கூட்டிய தீப்பொறி (அட்வான்ஸ்) கிடைக்காமல் போயிருக்கிறது. தீ தாமதமாகப் பிடித்தால் பிஸ்டன் இறங்கும்போதும் எரிந்துகொண்டே இருக்கும். அந்தச் சூடு சிலிண்டர் சுவருக்கும் எக்ஸாஸ்ட் வழிக்கும் போய், தண்ணீரில்தான் வந்து சேரும். கிழிந்த டயஃப்ரம் வழியாகக் காற்று கலந்து கலவையும் மெலிந்துபோயிருந்தது. சூட்டுக்குக் கூலிங் பக்கம் மட்டுமே காரணம் என்று நினைப்பவர்கள் இதைத் தவறவிடுவார்கள்.

ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டதோ என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, தண்ணீர் சூடாவதற்கு முன்பே மேல் ஹோஸ் கல் மாதிரி விறைத்தால் சந்தேகிக்கலாம். ரேடியேட்டர் வாயில் வரும் காற்றை நீலத் திரவத்தின் வழியாக இழுக்கும் சோதனையில் நிறம் மஞ்சளானால் உறுதி. அணைத்த பிறகு முள் கொஞ்சம் ஏறுவதற்கெல்லாம் பயப்பட வேண்டாம். பம்பும் ஃபேனும் நின்றுவிட்டதால் இரும்பில் இருக்கும் சூடு தண்ணீருக்கு வருகிறது, அவ்வளவுதான்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதில் எனக்கு உடன்பாடே இல்லை. சில எஞ்சின்களில் அது திறக்கும்போது, ரேடியேட்டரைத் தொடாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும் பைபாஸ் வழியை அடைக்கவும் செய்யும். கழற்றிவிட்டால் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியிலேயே சுற்றி, சூடு அதிகமாகும். சந்தேகம் இருந்தால் சுடுதண்ணீரில் தெர்மோமீட்டரோடு தொங்கவிட்டு, எந்த டிகிரியில் திறக்கிறது என்று பாருங்கள்.

இப்போது என் கையில் இருக்கும் வண்டியில் முன் சிலிண்டர் பக்கம் சரியாக இருக்கிறது, பின் சிலிண்டர் பக்கம் மட்டும் தெளிவாகச் சூடு கூடுதல். பிளாக்கின் வடிகால் திருகைக் கழற்றினால் ஒரு சொட்டுகூட வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தினால் துருச்சேறு கட்டி கட்டியாக வருகிறது. பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். அதனால் சிட்ரிக் ஆசிட் ஊற்றத் தயங்குகிறேன். பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் கோர் பிளக்குகளை (தண்ணீர் அறைகளை அடைக்கும் தகட்டு மூடிகள்) கழற்றிச் சுரண்டிவிடலாம் என்று இருக்கிறேன். எஞ்சினை இறக்காமலேயே கடைசி பிளக்கைக் கழற்றியவர்கள் இருந்தால் எப்படிச் செய்தீர்கள் என்று எழுதுங்கள்.