துணைநூற்பட்டியலிலும் சொல்லடைவிலும் பக்க எண்களை ஒரே சீராக்குவது எப்படி?

கேள்வி:
வணக்கம். ஆய்வு நூல் ஒன்றை அச்சுக்கு ஆயத்தப்படுத்தி வருகிறேன். துணைநூற்பட்டியலில் ஒரு பதிவில் 321–328 என்றும், அடுத்ததில் 321–28 என்றும், வேறொன்றில் 321–8 என்றும் பக்க எண்கள் வருகின்றன. நூல் விவரங்கள் ஜொட்டேரோ என்ற மேற்கோள் மேலாண்மை மென்பொருளில் உள்ளன. வேர்டில் உருவாக்கிய சொல்லடைவிலோ (நூலின் இறுதியில் வரும் இண்டெக்ஸ்) 45, 46, 47 எனத் தனித்தனியாக வருகிறது. கையால் திருத்தாமல் இவற்றைச் சீராக்க வழி உண்டா?

பதில் 1:
முதலில் ஏபிஏ, எம்எல்ஏ, சிகாகோ போன்ற மேற்கோள் முறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஏபிஏ முறையில் எண்களை முழுமையாக எழுத வேண்டும். எம்எல்ஏ முறையில் 99 வரை முழுமையாகவும், அதற்கு மேல் பெரும்பாலும் பின்னெண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் 103–04 என்றும் எழுதுவார்கள். சிகாகோ முறையில் 101–8, 321–28 எனச் சுருக்கினாலும், 100–104 என்பதைச் சுருக்குவதில்லை. பதிப்பகம் எதையும் விதிக்கவில்லை என்றால் முழு எண்களையே பரிந்துரைப்பேன். 1496–1500 என்பதைச் சுருக்கிய 1496–500ஐக் கண்டு வாசகர் ஒரு கணமேனும் தயங்குவார், அந்தத் தயக்கத்துக்கு ஈடாக மிச்சமாவது ஓர் இலக்கத்தின் இடம்தான்.

ஜொட்டேரோவில் நடைக்கோப்பு (மேற்கோள் முறையின் விதிகளைக் கொண்ட கோப்பு) பக்க எண் வடிவத்தைக் குறிப்பிடாதபோது, நீங்கள் உள்ளிட்ட இலக்கங்களே அப்படியே அச்சாகும். நடைக்கோப்பில் 'பேஜ்-ரேஞ்ச்-ஃபார்மட்' என்ற பண்புக்கு 'எக்ஸ்பேண்டட்' என மதிப்புக் கொடுத்தால், 321–8 என்று உள்ளிட்டதும் 321–328 என விரிந்துவிடும். ஆயினும் தரவில் எப்போதும் முழு எண்ணையே வைத்திருங்கள். நாளை வேறு முறைக்கு மாற நேர்ந்தாலும் சுருக்கும் வேலையை நடைக்கோப்பு பார்த்துக்கொள்ளும்.

பதில் 2:
சொல்லடைவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒவ்வொரு பக்கத்திலும் தனியாகக் குறியிட்டால் வேர்டு தனித்தனி எண்களைத்தான் தரும். உரைப்பகுதி முழுவதையும் தேர்ந்து அதற்கு ஒரு புக்மார்க் பெயரிட்டு, சொல்லடைவுக் குறியிடும் பெட்டியில் 'பேஜ் ரேஞ்ச்' என்பதன் கீழ் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் அடுத்தடுத்த எண்களையெல்லாம் இயந்திரம்போல் இணைத்துவிடாதீர்கள். 45–47 என்றால் அப்பொருள் மூன்று பக்கங்களிலும் தொடர்ந்து பேசப்படுகிறது என்று பொருள். 45, 46, 47 என்றால் அங்கங்கே தனித்தனியாகக் குறிப்பிடப்படுகிறது என்று பொருள். எது சரி என்பதை அந்தப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. பண்பை மாற்றியதும் பட்டியல் சீராகிவிட்டது. நானே தட்டச்சு செய்த அடிக்குறிப்புகளில் மட்டும் எண்களுக்கிடையே சிறுகோடு இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே வீச்சில் என்-கோடாக (சிறுகோட்டைவிடச் சற்று நீளமான – என்ற கோடு) மாற்றலாமா?

பதில் 1:
வேண்டாம். ஐஎஸ்பிஎன் (நூலின் அடையாள எண்), டிஓஐ (மின்வெளியீடுகளின் அடையாளக் குறி) ஆகியவற்றில் உள்ள சிறுகோடுகளும் சேர்ந்து மாறிவிடும். 'பக்.' என்பதை அடுத்து வருபவற்றை மட்டும் தேடி, ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். முன்னுரைப் பக்கங்களின் ரோமன் எண்களை எந்த முறையிலும் சுருக்கக் கூடாது. சில கையேடுகளில் 3-1 என்பதே மூன்றாம் அத்தியாயத்தின் முதல் பக்கத்தைக் குறிக்கும். அங்கே '3-1 முதல் 3-5 வரை' என்று எழுதினால் குழப்பம் வராது.