ஹாஃப்-லைஃப் 1: பிளாஸ்ட் பிட் பகுதியில் மாட்டிக்கொண்டேன். தொடரலாமா, பிளாக் மெசாவுக்கு மாறிவிடலாமா?

புதுமவுஸ்:
வணக்கம் மக்களே. இதுவரை கவுண்டர்-ஸ்ட்ரைக் மட்டுமே ஆடிப் பழக்கம். அது ஹாஃப்-லைஃபை ரசிகர் யாரோ மாற்றிச் செய்த மோடாகத்தான் பிறந்தது என்று கேள்விப்பட்டதும், தள்ளுபடியில் வாங்கி ஸ்டீமில் சும்மா கிடந்த பழைய 1998 கேமை இந்த வாரம் திறந்தேன். ஆரம்பம் பிரமாதம். ரயிலில் உட்கார்ந்து ஆராய்ச்சிக்கூடம் முழுக்க வேடிக்கை பார்த்துக்கொண்டே போகிறோம், கையில் ஆயுதம் என்று ஒன்றும் கிடையாது, அப்புறம் சோதனை அறையில் அந்தப் படிகத்தைத் தள்ளியதும் எல்லாம் நாசம். கடப்பாரை கிடைத்தது, ராணுவம் வந்தது, அதுவரை சமாளித்துவிட்டேன்.

இப்போது ராக்கெட் எஞ்சின் சோதிக்கும் பெரிய குழி. நடுவில் பச்சையாக மூன்று கைகள், நுனியில் அலகு. ஷாட்கன்னால் எவ்வளவு சுட்டாலும் உள்ளே போய்விட்டு மறுபடி வந்து கொத்துகின்றன. எங்கே போக வேண்டும் என்று காட்ட மேப்பும் இல்லை, அம்புக்குறியும் இல்லை. இந்தக் காலத்து ஆளுக்கு இது சரிப்படுமா, இல்லை இதே கேமைப் புதுசாகச் செய்த பிளாக் மெசாவை வாங்கிக்கொள்ளட்டுமா?

கடப்பாரைக்காரன்:
தம்பி, முதலில் சுடுவதை நிறுத்து. குண்டு தண்டம். அதற்குக் கண் கிடையாது, காதுதான். மேலே கட்டுப்பாட்டு அறையில் கத்திக்கொண்டிருந்த விஞ்ஞானியை ஜன்னல் வழியாக இழுத்துக்கொண்டு போனதே, பார்த்தாயா? அதுதான் உனக்குப் பாடம், இந்த கேமில் யாரும் வந்து பாடம் நடத்த மாட்டார்கள், உன் கண்ணெதிரே ஒருவன் செத்துக் காட்டுவான், அவ்வளவுதான். குனிந்தபடியே மெதுவாக நட. ஏணிப் பக்கம் போவதற்கு முன் எதிர்ப்பக்கம் ஒரு கிரெனேட் வீசு, மூன்றும் அங்கே போய்க் கொத்திக்கொண்டிருக்கும், நீ அந்த இடைவெளியில் இறங்கிவிடலாம்.

செய்ய வேண்டிய வேலை இதுதான்: குழியிலிருந்து பிரியும் பாதைகளில் போய் எரிபொருள், ஆக்சிஜன், மின்சாரம் மூன்றையும் இயக்க வேண்டும். வழியில் ஒரு பெரிய மின்விசிறி வரும், அதை ஓடவிட்டதும் இறக்கை வேகமெடுப்பதற்குள் ஏணியில் மேலே வந்துவிடு, பிறகு அதன் காற்றே உன்னை மேலே தூக்கிவிடும். எல்லாம் முடிந்ததும் கட்டுப்பாட்டு அறைக்குத் திரும்பி எஞ்சினைப் பற்றவைக்கும் பட்டனை அழுத்து. பொசுங்கிவிடும். நீ போக வேண்டிய வழி அந்தக் குழிக்குக் கீழேதான். அடிக்கடி எஃப்6 அழுத்து, அதுதான் உடனடி சேவ்.

நள்ளிரவு_ஷிஃப்ட்:
நான் எதிர்க்கட்சி. ப்ரோவுக்குப் பழைய கிராபிக்ஸ் பிடிக்கவில்லை என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள். பிளாக் மெசா சாதாரண வேலை இல்லை. ரசிகர்கள் சேர்ந்து மோடாகத் தொடங்கி, 2012இல் கடைசியில் வரும் ஸென் உலகத்துக்கு முன்பு வரை இலவசமாக வெளியிட்டு, முழுசாக முடித்தது 2020இல். மூலத்தில் அந்தக் கடைசி வேற்றுலகம் வெறும் மிதக்கும் பாறைகள், தாவித் தாவி விழுந்து சாக வேண்டியதுதான். புதியதில் அதற்கு ஒரு காடு, சதுப்பு நிலம், செத்துப்போன ஆராய்ச்சியாளர்களின் முகாம் என்று உயிர் கொடுத்திருக்கிறார்கள்.

டிராம்_பாஸ்:
ஸென் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அவர்கள் அதை இழுத்த இழுப்பில் தொழிற்சாலைப் பகுதி முடிவதற்குள் எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. டிராமில் போகும் ஆன் எ ரெயில் பகுதியையோ பாதியாக வெட்டிவிட்டார்கள். அது சலிப்பூட்டும் பகுதி என்று எல்லாரும் திட்டுவார்கள், எனக்குப் பிடிக்கும், அந்த நீளம்தான் இடத்தின் பிரம்மாண்டத்தைக் காட்டுகிறது.

புதுமவுஸ், நீ பாதி தூரம் கூட வரவில்லை, அதற்குள் ஓடாதே. அந்தக் காலத்து மற்ற ஷூட்டர்களில் கலர் கலராகச் சாவி தேடிக் கதவு திறப்பதே பிழைப்பு, நடுவில் கதை சொல்ல வேண்டுமென்றால் திரையில் நாலு வரி எழுத்து. இதில் ஒரு காட்சியில்கூட கேமரா நாம் ஆடும் ஃப்ரீமேனின் கண்ணை விட்டு வெளியே போகாது, நடப்பதெல்லாம் நீ நிற்கும் இடத்திலேயே நடக்கும். அடியில் ஓடுவது குவேக் கேமின் எஞ்சின்தான், அதை இந்த கேமைச் செய்த வால்வ் கம்பெனி ஆட்கள் போட்டுப் புரட்டியிருக்கிறார்கள். ராணுவக்காரர்களைக் கவனி, நீ ஒரு மூலையில் பதுங்கினால் ரேடியோவில் பேசிக்கொண்டே கிரெனேட் உருட்டி வெளியே வரவைப்பார்கள். இன்றைக்கு வரும் எத்தனையோ கேம்களில் எதிரிகள் மரம் மாதிரி நிற்கிறார்கள்.

இன்னொன்று, 2023 நவம்பரில் 25ஆம் ஆண்டுக்காக ஒரு அப்டேட் வந்தது. அகலத் திரைக்கு மெனுவெல்லாம் சரியாக வரும். செட்டிங்கில் டெக்ஸ்சரை மழமழப்பாக்கும் வசதியை அணைத்துவிட்டு ஆடிப் பார், பழைய புள்ளிப் புள்ளித் தோற்றம்தான் அழகு. இதையே வேறு எஞ்சினுக்கு மாற்றிய ஹாஃப்-லைஃப்: சோர்ஸ் என்று ஒன்று உண்டு, அந்தப் பக்கமே போகாதே, பக் மேல பக்.

புதுமவுஸ்:
அண்ணா, கிரெனேட் வேலை செய்தது! மூன்றும் எரியும்போது வந்த சத்தத்துக்குப் பக்கத்து அறையிலிருந்து அம்மா வந்து எட்டிப் பார்த்தார்கள். பிளாக் மெசா அப்புறம் பார்த்துக்கொள்கிறேன். இப்போது டிராம் ஓட்டும் இடம் வந்துவிட்டது, பிரியும் இடங்களில் நான் நினைத்த பக்கம் திரும்ப மாட்டேன் என்கிறது.

கடப்பாரைக்காரன்:
பிரியும் இடத்தில் அம்புக்குறி போட்ட விளக்குப் பலகை இருக்கும், அதைச் சுடு, தடம் மாறும். கிராஸ்போ கிடைத்தால் தண்ணீருக்குள் இருக்கும் மீனுக்கு அதுதான் சரி. அப்புறம் குண்டையெல்லாம் கஞ்சத்தனமாகச் சேர்த்து வைக்காமல் தாராளமாகச் செலவு பண்ணு. ஏன் என்று கேட்காதே.

நள்ளிரவு_ஷிஃப்ட்:
யோவ், பாதி ஸ்பாய்லரை நீரே சொல்லிவிட்டீர்.