வெளியூரில் கை கொடுத்தவர்கள்: மறக்க முடியாத ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள்

குடியாத்தம் லுங்கிக்காரன்:
ஐந்நூறு, ஆயிரம் செல்லாது என்று அறிவித்த மறுநாள், 2016 நவம்பர் 9. நான் ஹவுரா ஸ்டேஷன் வாசலில். பை நிறைய லுங்கி விற்ற காசு, எல்லாம் ஐந்நூறு ரூபாய்த் தாள். ரயில் கவுண்டரில் வாங்கிக்கொண்டார்கள், டிக்கெட் எடுத்துவிட்டேன். சோற்றுக்குத்தான் வழியில்லை. பொரி விற்கிற பெரியவரிடம் தாளை நீட்டினேன், தலையை ஆட்டிவிட்டார். எந்த ஊர் என்று இந்தியில் கேட்டார். குடியாத்தம் என்றால் அங்கே யாருக்குத் தெரியும்? வேலூர் என்றேன். "பேலோர்?" என்றவர் டப்பாவைக் கீழே வைத்துவிட்டார். அப்புறம் வங்காளத்தில் என்னென்னமோ சொன்னார். எனக்குத் தெரிந்த வங்காளம் லுங்கி விலையோடு சரி. "மேயே" என்றால் மகள், அது மட்டும் புரிந்தது. இடுப்பு உயரத்துக்குக் கையை வைத்துக் காட்டினார். கடுகெண்ணெய் விட்டுக் குலுக்கிய பொரி, பேப்பர் பொட்டலத்தில் மூன்று, மேலே தேங்காய்ச் சில்லு. கூடவே பத்து ரூபாய்த் தாள் ஐந்து. ஐந்நூறை அவர் கையில் திணித்துப் பார்த்தேன், வாங்கவே இல்லை.

தோட்டப்பாளையம் வாசி:
1900-இல் டாக்டர் ஐடா ஸ்கடர் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு சி.எம்.சி. ஆஸ்பத்திரியை ஆரம்பித்த புண்ணியம், உங்களுக்கு ஹவுராவில் பொரி கிடைத்தது. வங்காளத்துக்காரர்கள் வைத்தியத்துக்கு இங்கே வந்தால் நாம் என்ன செய்கிறோம்? சி.எம்.சி. எதிரில் ராத்திரி பத்து மணிக்கு ஒரு அம்மா, கையில் ஸ்டவ், தோளில் தூங்குகிற பையன். பாபு ராவ் தெருவுக்குப் போக ஆட்டோக்காரர் முந்நூறு கேட்கிறார். நடந்தாலே போய்விடலாம். அந்த அம்மா என்னைத்தான் பார்த்தார். பாஷை தெரியாதே என்று நான் வண்டியைக் கிளப்பிவிட்டேன். கையை நீட்டித் தெருவைக் காட்ட என்ன பாஷை வேண்டியிருந்தது?

ஆம்பூர் அக்கா:
தம்பி, ஒரு ஆட்டோவை வைத்து ஊரையே திட்டாதீங்க. அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனபோது அங்கேதான் ஒரு மாதம் ரூம் எடுத்துத் தங்கினோம். கீழே காய்கறி விற்கிற பாட்டி பள்ளிக்கூடமே போகாதவர். "ஆலு, பேகுன், பொட்டோல்" என்று வங்காளத்தில்தான் கூவுவார். அசாமிலிருந்து வந்த ஒரு பெண் தினமும் கால் கிலோ உருளைக்கிழங்கு மட்டும் வாங்குவாள். பாட்டி ஒருநாள் நாலு கத்திரிக்காயை அவள் பையில் போட்டுவிட்டு, "வூட்டுக்காரருக்கு இன்னா ஆச்சு?" என்று தமிழில் கேட்டார். அந்தப் பெண் அசாமியில் பதில் சொன்னாள். அரைமணி நேரம் இரண்டு பேரும் அழுதார்கள். ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது.

கம்மவான்பேட்டை மாஜி ராணுவம்:
எனக்கும் உண்டு. சிலிகுரியில் காய்ச்சலோடு ரயிலைத் தவறவிட்டேன், ஒரு குடும்பம் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கஞ்சி கொடுத்தது. அவ்வளவுதான். ஆனால் இளைஞர்களுக்குச் சில விஷயம் சொல்ல வேண்டும். பணத்தை ஒரே பையில் வைக்கக் கூடாது. சட்டைப் பையில் கொஞ்சம், பெட்டியில் கொஞ்சம், பனியனுக்குள் கொஞ்சம். சில்லறை எப்போதும் இருக்க வேண்டும், லுங்கிக்காரர் கோட்டை விட்டது அங்கேதான். போகிற ஊரின் பாஷையில் தண்ணீர், சாப்பாடு, எவ்வளவு, இந்த மூன்றையாவது கற்றுக்கொள்ளுங்கள். யாராவது கொடுக்கிற பிஸ்கட்டை ரயிலில் வாங்கித் தின்னாதீர்கள். வடக்கிலிருந்து வருகிறவர்களுக்கும் சொல்லுங்கள்: காட்பாடியில் இறங்கினால் ஆட்டோ வேண்டாம், 1, 2 நம்பர் பஸ் ஆஸ்பத்திரி வாசலிலேயே நிற்கும். மொபைல் சார்ஜரை மறக்காதீர்கள். வெயில் காலம் என்றால் மோர்...

தோட்டப்பாளையம் வாசி:
அய்யா, பிஸ்கட் வாங்காதே என்கிறீர்கள், சிலிகுரியில் கஞ்சி மட்டும் குடித்தீர்களே?

ஆம்பூர் அக்கா:
அதை விடுங்க. லுங்கிக்காரரே, அந்தப் பெரியவரின் மகளுக்குக் குணமாகிவிட்டதா?

குடியாத்தம் லுங்கிக்காரன்:
அதுதான் அக்கா தெரியவில்லை. அடுத்த வருஷம் தேடினேன், அந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிற பையன் நின்றான். பெரியவர் பேசும்போது சிரித்தார், கண்ணையும் துடைத்தார், எதற்கு எது என்று எனக்குப் பிடிபடவில்லை. இடுப்பு உயரத்தில் வைத்த கையை மட்டும் கடைசிவரை அவர் மேலே தூக்கவில்லை.