பழைய கம்ப்யூட்டரில் மெமரி கார்டு போட்டவர்கள் வாங்க, பட்டதைச் சொல்லுங்க

முதலில் நானே ஆரம்பிக்கிறேன். என்னிடம் இருப்பது கமடோர் கம்பெனியின் வீட்டுக் கம்ப்யூட்டர், அமிகா 1200. 1992-ல் வந்த மெஷின், லேப்டாப் ஹார்டு டிஸ்க் மாட்டுவதற்கான 44 பின் ஐடிஇ கனெக்டர் போர்டிலேயே இருக்கிறது. காம்பாக்ட் ஃபிளாஷ் என்ற வகை மெமரி கார்டே ஐடிஇ டிஸ்க் போல நடந்துகொள்ளும் என்பதால் நடுவில் தனி சிப் எதுவும் வேண்டாம், பின்னுக்குப் பின் இணைக்கும் ஒரு சின்ன அடாப்டர் போதும். மாட்டுவது சுலபம். மண்டை காய்வது அதற்கப்புறம்தான்.

மெஷினை விற்றவர் 16 ஜிபி கார்டோடுதான் கொடுத்தார். எல்லாம் ஜோராக ஓடியது, கேம்களை ஏற்றிக்கொண்டே போனேன், திடீரென்று ஒருநாள் பூட்டே ஆகவில்லை. கார்டு செத்துவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும், ஆனால் கார்டில் ஒரு கோளாறும் இல்லை. அமிகாவின் அடிப்படை சிஸ்டம் இருக்கும் கிக்ஸ்டார்ட் ரோம் சிப்பில், 3.0, 3.1 பதிப்புகளில் இருக்கும் டிரைவர், டிஸ்கில் எந்த இடம் என்பதை 32 பிட் எண்ணில் பைட் கணக்காக வைத்துக்கொள்கிறது. 4 ஜிபியைத் தாண்டினால் எண் சுற்றிக்கொண்டு மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும், அதாவது ஐந்தாவது ஜிபியில் எழுதச் சொன்னால் முதல் ஜிபியில் போய் எழுதும், ஒரு எரர் மெசேஜ்கூட இல்லாமல். மெஷின் கிளம்பத் தேவையான பூட் பார்ட்டிஷன் இருப்பது அங்கேதான்!

இன்னொன்று, டிஸ்கைத் தயார் செய்யும் ஹெச்டிடூல்பாக்ஸ் புரோகிராமில் மேக்ஸ் டிரான்ஸ்ஃபர் என்ற மதிப்பைப் பாருங்கள். ஒரே மூச்சில் 255 செக்டருக்கு (ஒரு செக்டர் 512 பைட்) மேல் கேட்டால் சில கார்டுகள் தடுமாறும். சின்ன ஃபைல் எல்லாம் நன்றாக இருக்கும், பெரிய ஃபைல் மட்டும் சத்தமில்லாமல் கெட்டுப்போகும். 1,30,560 பைட் என்று வைத்துவிட்டால் தொல்லை இல்லை. 2018-ல் வந்த 3.1.4 ரோம் போட்டால் பெரிய கார்டும் ஓடும், ஆனால் எதற்கு என்றுதான் கேட்பேன். ஒரு ஃபிளாப்பி 880 கேபி, 4 ஜிபியில் நாலாயிரத்துக்கு மேல் அடங்கும்.

---

என்னுடையது கமடோர் 64, ஃபிளாப்பி டிரைவுக்குப் பதிலாக எஸ்டி கார்டைப் படிக்கும் எஸ்டி2ஐஇசி மாட்டியிருக்கிறேன். எஸ்டி கார்டு வந்துவிட்டதால் பறக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அதே சீரியல் கேபிள், அதே ரோம், நொடிக்கு 400 பைட் அளவில்தான் வரும். வேகத்தைக் கூட்டும் ஜிஃபிடாஸ் ரோம் போட்ட பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

பெரிய ஏமாற்றம் வேறு. ஒரே ஃபைலில் இருக்கும் கேம்கள் ஓடுகின்றன, ஆனால் பல டிஸ்க் கேம்கள் பாதியில் அப்படியே நின்றுவிடுகின்றன. கமடோரின் ஒரிஜினல் 1541 ஃபிளாப்பி டிரைவ் தன்னளவில் ஒரு கம்ப்யூட்டர், உள்ளே 6502 பிராசசரும் 2 கேபி ராமும் உண்டு. வேகத்துக்காக கேம் எழுதியவர்கள் தங்கள் சொந்தப் புரோகிராமையே (ஃபாஸ்ட் லோடர் என்பார்கள்) டிரைவுக்கு அனுப்பி அங்கே ஓட விட்டார்கள். எஸ்டி2ஐஇசி-க்குள் அந்த 6502 இல்லை. தெரிந்த சில ஃபாஸ்ட் லோடர்களை அடையாளம் கண்டு சமாளிக்கும், தெரியாததைப் பார்த்தால் முழிக்கும். இதற்கு ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் ஓடும் பை1541 தேவலை, அது டிரைவையே முழுசாக எமுலேட் செய்கிறது. கேம்தான் முக்கியம் என்றால் நேராக அதற்கே போங்கள்.

---

அமிகா 500-இல் ஐடிஇ கிடையாது, அதனால் நான் ஃபிளாப்பி டிரைவைக் கழற்றிவிட்டு கோடெக் போட்டேன். தையல் எம்பிராய்டரி மெஷின்களில் ஃபிளாப்பிக்குப் பதிலாக மாட்டுகிற பெட்டி அது, ஃபிளாஷ்ஃபிளாப்பி ஃபர்ம்வேர் ஏற்றினால் யூஎஸ்பி டிரைவில் இருக்கும் ஏடிஎஃப் ஃபைல்களை (அமிகா ஃபிளாப்பியின் நகல்கள்) அப்படியே எடுத்துக்கொள்ளும். காப்பி புரொடெக்‌ஷன் போட்ட ஒரிஜினல் டிஸ்குகள் மட்டும் ஏடிஎஃப்-இல் அடங்காது, ஏனென்றால் அதில் சாதாரண செக்டர் டேட்டா மட்டும்தான் இருக்கும். ஃபிளாப்பியின் கரகர சத்தம் இல்லாமல் லோட் ஆகிறதா தொங்கிவிட்டதா என்றே தெரியவில்லை, அதற்காகவே ஒரு குட்டி ஸ்பீக்கர் வைத்தேன். வீட்டில் மற்றவர்களுக்குத்தான் பிடிக்கவில்லை.