மாமனார் வீட்டைக் காலி செய்கிறோம்: பழைய ஆசிட், தெர்மாமீட்டர், ஊசி எல்லாம் எங்கே போடுவது?

வில்லாபுரத்து மருமகள்:
வணக்கம். மாமனார் எங்களோடு வந்துவிட்டார், வில்லாபுரத்து வீட்டை வாடகைக்கு விடப்போகிறோம். பரணில் கிடந்த அடைசலை இறக்கினால் பாதி பெயின்ட் டப்பாக்கள், தின்னர், உசிலம்பட்டிப் பக்கம் தோட்டம் இருந்த காலத்துப் பூச்சிமருந்து, எரியாத டியூப்லைட்டுகள், பாதரச தெர்மாமீட்டர், பெட்டி நிறைய காலாவதி மாத்திரை, மாமாவின் இன்சுலின் ஊசிகள், லேபிள் உரிந்த பாட்டிலில் ஆசிட் மாதிரி ஏதோ ஒன்று. காலையில் குப்பை வண்டி கொண்டுவருகிற அக்கா, "ஊசியை மட்டும் உள்ள போட்டுக் கட்டிராதம்மா, நாங்க கையாலதான் பிரிக்கிறோம்" என்றார். என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் காலி மனையில் போட்டுக் கொளுத்திவிடலாம் என்கிறார். எதை யாரிடம் கொடுப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சிம்மக்கல் சீனி:
இதுக்கெல்லாம் ஒரு கேள்வியா. டியூப்லைட்டை உடைத்துச் சாக்கில் கட்டினால் இடம் அடைக்காது. ஆசிட்டை கக்கூஸில் ஊற்றி மேலே பிளீச்சிங் பவுடர் தூவினால் கறையும் போகும், பாட்டிலும் காலி.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
சீனி தம்பி, அதைப் படித்து யாராவது செய்துவிடப் போகிறார்கள். பிளீச்சிங் பவுடரில் ஆசிட் பட்டால் குளோரின் வாயு வரும், கதவு சாத்திய சின்ன கழிவறையில் அது நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். லேபிள் இல்லாத பாட்டிலைத் திறக்காதீர்கள், மோந்தும் பார்க்காதீர்கள், வேறு எதோடும் கலக்காதீர்கள். பிளாஸ்டிக் வாளியில் நிமிர்த்தி வைத்து, "ஆசிட், தொடாதே" என்று எழுதி ஒட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

டியூப்லைட்டிலும் சிஎஃப்எல் பல்பிலும் சில மில்லிகிராம் பாதரசம்தான், தெர்மாமீட்டரில் அரை கிராமிலிருந்து ஒரு கிராம் வரை. உடையாத வரை பயமில்லை, அட்டைப் பெட்டியில் செய்தித்தாள் சுற்றி வையுங்கள். உடைந்தால் ஃபேனை நிறுத்தி, ஜன்னலைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே இருங்கள். விளக்குமாறு, வாக்குவம் எதுவும் கூடாது, உருண்டை சிதறிப் பரவிவிடும். கெட்டி அட்டையால் ஒன்று சேர்த்து, மிச்சத்தை செல்லோடேப்பால் ஒற்றி எடுத்து, எல்லாவற்றையும் மூடி இறுகிய பாட்டிலில் போடுங்கள். மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள், பாதரசம் தங்கத்தில் ஒட்டிக்கொள்ளும். தெர்மாமீட்டரைப் பழைய இரும்புக் கடைக்கும் தள்ளிவிடாதீர்கள். கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் கண்ணாடிக் கழிவு 2001இல் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில்தான் கிடந்தது, அந்த வருஷமே தொழிற்சாலையும் மூடப்பட்டது.

மருந்துக்கடை மாப்பிள்ளை:
அக்கா, ஊசிக்கு மட்டும் நான் சொல்கிறேன். தண்ணீர் பாட்டில் வேண்டாம், குத்திக்கொண்டு வெளியே வந்துவிடும். ஃபினாயில் பாட்டில் மாதிரி கெட்டியானதில் போட்டு, முக்கால்வாசி நிறைந்ததும் மூடியை டேப் போட்டு ஒட்டி, மேலே பெரிசாக "ஊசி" என்று எழுதி அந்த அக்கா கையில் தனியாகக் கொடுங்கள். கழற்றிய ஊசிக்குத் திரும்ப மூடி போட முயல வேண்டாம், அப்போதுதான் விரலில் ஏறும்.

மாத்திரையைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். அட்டையிலிருந்து பிரித்து, டீத்தூள் சக்கையோடோ மண்ணோடோ குழப்பி, கவரில் கட்டிக் கொடுத்தால் யாரும் பொறுக்கித் திரும்ப விற்க முடியாது. ஆஸ்துமா ஸ்பிரேயை மட்டும் ஓட்டை போடவோ தீயில் போடவோ கூடாது, வெடிக்கும். கொசு ஸ்பிரே டப்பாவுக்கும் இதேதான், வீட்டுக்காரரின் கொளுத்தும் திட்டத்துக்கு அது ஒன்றே போதும் வேட்டு வைக்க :)

உசிலம்பட்டி மல்லிக்காரன்:
பூச்சிமருந்து டப்பா பத்தி யாரும் சொல்லலையே. முதலில் லேபிளைப் பாருங்கள். எண்டோசல்பான் என்று இருந்தால் அதை 2011லேயே உச்ச நீதிமன்றம் தடை செய்தாயிற்று, சும்மா தருகிறேன் என்றுகூட யாருக்கும் கொடுக்காதீர்கள். வேறு பாட்டிலில் மாற்றவும் வேண்டாம். கூல்ட்ரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைத்து, பிள்ளைகள் எடுத்துக் குடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடுவது எங்கள் பக்கம் புதிதில்லை. அப்படியே மூடி பக்கத்து வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேளுங்கள். காலி டப்பா என்றால் மூன்று தடவை அலசி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பான் டேங்கிலேயே ஊற்றி வயலுக்கு அடித்துவிட்டு, அடியில் ஆணியால் குத்தி வைப்போம், இல்லையென்றால் யாராவது குடத்துக்குப் பதிலாகத் தூக்கிக்கொண்டு போவார்கள். அலசிய தண்ணீர் கண்மாய்ப் பக்கம் போகவே கூடாது.

வில்லாபுரத்து மருமகள்:
எல்லோருக்கும் நன்றி. வீட்டுக்காரருக்கு இதைப் படித்துக் காட்டினேன், தீப்பெட்டியை உள்ளே வைத்துவிட்டார். பெயின்ட்டும் பழைய இன்வெர்ட்டர் பேட்டரியும் மட்டும் மிச்சம்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
சுவருக்கு அடிக்கிற தண்ணீர் பெயின்ட் கொஞ்சம் என்றால் மணல் கலந்து மூடியைத் திறந்து காயவிடுங்கள், கட்டியானதும் குப்பையில் போகலாம். எனாமலையும் தின்னரையும் பெயின்டரிடம் கொடுங்கள், அவருக்கு வேலைக்கு ஆகும், சாக்கடையில் மட்டும் ஊற்றாதீர்கள். பேட்டரியைப் புதுசு வாங்குகிற கடையில் போட்டால் விலையில் கழித்துக்கொள்வார்கள், உள்ளே இருக்கிற ஆசிட்டைக் கொட்டிவிட்டு எடுத்துப்போகாதீர்கள். மற்றதற்கு உங்கள் வார்டு சுகாதார ஆய்வாளரைப் பிடியுங்கள். 2016 திடக்கழிவு விதிகளிலேயே பெயின்ட் டப்பா, பூச்சிமருந்து, பல்பு, காலாவதி மருந்து, ஊசி எல்லாம் வீட்டு அபாயக் கழிவு என்று பட்டியலில் இருந்தது, இதை வாங்க மையம் வைக்க வேண்டியது உள்ளாட்சியின் பொறுப்பு என்றும் இருந்தது. எங்கே கொண்டுவரச் சொல்கிறார் என்று கேட்டுவிட்டு ஆட்டோ பிடியுங்கள்.

சிம்மக்கல் சீனி:
சரி வாத்தியாரே. போன் பேட்டரி ஒன்று பலூன் மாதிரி உப்பிக் கிடக்கிறது, அதை?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
குத்தாதே, சார்ஜ் போடாதே. முனையில் டேப் ஒட்டி, மணல் போட்ட தகர டின்னில் வைத்து வீட்டுக்கு வெளியே வை. இ-வேஸ்ட் எடுக்கிறவரிடம் கொடு, குப்பை வண்டியில் போட்டால் நசுங்கித் தீப்பிடிக்கும்.