எமபுரிப் பயணக் கணக்கும் முதலாண்டுத் திதியும்

பட்டர்வொர்த் ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். என் தந்தையாரின் முதலாண்டுத் திதி நெருங்குகிறது. வீட்டுப் பெரியவர்கள் திதி பார்த்துத்தான் செய்ய வேண்டும் என்கிறார்கள். கோலாலம்பூரில் வேலை செய்யும் தம்பியோ, விடுப்பு எடுக்க வசதியாக ஆங்கிலத் தேதியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்கிறான். கணிதம் கற்பிப்பவள் என்பதால், முடிவெடுக்கும் முன் கருட புராணம் தரும் எண்களைக் கொண்டு கணக்கிட்டுப் பார்த்தேன். எமபுரிக்கு வழி 86,000 யோசனை (யோசனை என்பது பழைய தூர அளவு). உயிர் இரவும் பகலும் நடந்து நாளொன்றுக்கு 247 யோசனை கடக்கிறது. புறப்படுவது 13ஆம் நாள். வகுத்தால் 348 நாள் வருகிறது. அதனுடன் முதல் 12 நாளைக் கூட்டினால் 360. திதிவழி ஆண்டுக்கோ ஏறக்குறைய 354 நாள்தான். அப்படியானால் நாங்கள் பிண்டம் வைக்கும் வேளையில் அப்பா இன்னும் 1,500 யோசனை நடக்க வேண்டியவராக, வழியிலேயே அல்லவா இருப்பார்? என் கணக்கில் பிழை இருந்தால் சுட்டிக்காட்டுங்கள்.

செந்தூல் பொறியாளர்:
ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். கணக்கு சரிதான். இதில் என்னை மிகவும் கவர்ந்தது, யோசனை என்பது எவ்வளவு தூரம் என்ற பழைய வழக்கு விடையைத் தொடவே இல்லை என்பதுதான். பூமியின் விட்டம் 1,050 யோசனை என்ற பண்டைய கணித அறிஞர் ஆரியபடரின் கணக்குப்படி ஒரு யோசனை சுமார் 12 கிலோமீட்டர். விட்டத்தை 1,600 யோசனை என்னும் சூரிய சித்தாந்தம் என்ற பழைய வானியல் நூலின்படி சுமார் 8 கிலோமீட்டர். எதை எடுத்தாலும் தூரத்தை வேகத்தால் வகுக்கும்போது அலகு அடிபட்டுப் போய், 348 நாள் அப்படியே நிற்கிறது. ஆனால் வேகம் மாறும். ஆரியபடர் வழியில் மணிக்கு சுமார் 124 கிலோமீட்டர் என்பதால், வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் 110 என்ற வரம்பை உயிர் மீறுகிறது. சூரிய சித்தாந்த வழியில் 82தான் வருவதால் சட்டத்துக்கு உட்பட்டே செல்கிறது. உங்கள் தந்தையார் சாலை விதிகளை மதித்தவர் என்றால் நான் இரண்டாவதையே ஏற்பேன்.

ஜார்ஜ்டவுன் வாசகர்:
திசையையும் கவனிக்க வேண்டும். எமன் தென்திசைக்கு உரியவன். பினாங்கிலிருந்து நேர் தெற்கே சென்றால் தென் துருவம் சுமார் 10,600 கிலோமீட்டரில் வந்துவிடும். மணிக்கு 124 கிலோமீட்டர் வேகத்தில் அது நான்கு நாளுக்கும் குறைவான பயணம். அங்கு நின்று பார்த்தால் எத்திசையும் வடக்கே என்பதால், அதற்குமேல் தெற்கே போக வழியில்லை. ஆரியபடர் கணக்கில் மொத்தத் தூரமோ பத்து லட்சம் கிலோமீட்டரைத் தாண்டுகிறது. நிலவின் சராசரித் தொலைவே 3,84,400 கிலோமீட்டர்தான். ஆகவே பாதை துருவத்தில் பூமியை விட்டு மேலே கிளம்புகிறது என்று கொள்வதே பொருத்தம்.

பிரிக்பீல்ட்ஸ் மருத்துவர்:
ஆற்றல் கணக்கையும் சேர்க்க விரும்புகிறேன். டங்கன் மெக்டூகல் என்ற அமெரிக்க மருத்துவர் 1907இல் வெளியிட்ட ஆய்வில் உயிரின் எடையாகப் பேசப்பட்டது 21 கிராம். ஆறு நோயாளிகளில் ஒருவரிடம் மட்டும் கிடைத்த அளவு என்பதால் அதை நான் நம்பவில்லை. இருந்தாலும் ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொள்வோம். 21 கிராம் எடையை மணிக்கு 124 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவரச் சுமார் 12 ஜூல் போதும். ஒற்றைச் சோற்றுப் பருக்கையிலேயே அதைவிடப் பல மடங்கு ஆற்றல் இருக்கிறது. ஆகவே ஒரு பிண்டம் தாராளமாகக் காணும். மேலும், வழியில் 16 ஊர்கள் உண்டென்றும், மாதந்தோறும் இடும் பிண்டத்தை உயிர் அவ்வூர்களில் உண்கிறதென்றும் அதே நூல் கூறுகிறது. எனவே ஆசிரியை அஞ்சுவதுபோல் 354ஆம் நாள் உணவு வீணாவதில்லை. நடப்பவருக்குத்தான் உணவு வேண்டும்.

பட்டர்வொர்த் ஆசிரியை:
மூவருக்கும் நன்றி. மருத்துவர் ஐயா சொன்னது என் ஐயத்தைத் தீர்த்தது. திதியன்று பிண்டம் வைப்போம், அது வழிக்கு. ஆங்கிலத் தேதி 365ஆம் நாள் என்பதால் அதற்குள் அப்பா போய்ச் சேர்ந்து ஐந்து நாள் ஆகியிருக்கும். அன்று தம்பி வந்ததும் கோயிலில் அன்னதானம் செய்வோம். ஒன்று மட்டும் எஞ்சியிருக்கிறது: திதிவழி ஆண்டில் அதிக மாதம் எனப்படும் கூடுதல் மாதம் வந்தால் 384 நாளாகிவிடுகிறதே, அந்த ஆண்டில் இறந்தவர்களுக்கு முதல் திதி அவர்கள் போய்ச் சேர்ந்து 24 நாள் கழித்து வருகிறது. அவர்களுக்கு வழியுணவு எந்த மாதத்தோடு நிறைவடைகிறது என்று அறிந்தவர்கள் சொல்லுங்கள்.